விளையாட்டுப் போர்க்களத்தில் பாகிஸ்தான் விமானங்கள்

கணினியில் ஆடப்படும் யுத்த விளையாட்டொன்றில் பாகிஸ்தான் ஆகாயப் படைக்குத் தனி வரிசை அமைக்க வேண்டும் என்று நாம் இன்று இப்பத்தியில் எழுதுவது, நமது வாசகர்களில் சிலருக்கு விபரீதமாகத் தோன்றலாம். 2025-ம் வருஷம் மே மாதத்தில் எல்லையின் இரு புறங்களிலும் உண்மையான குண்டுகள் விழுந்தன. அவ்வாறிருக்க, எதிரே நின்ற படைக்கு விளையாட்டிலாவது நாம் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்லாமல் மேலே செல்லும் உத்தேசம் நமக்கில்லை. ஆயினும், இவ்விளையாட்டைப் பாராத வாசகர்களின் பொருட்டு முதலில் விஷயத்தைச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது.

'வார் தண்டர்' என்பது 2012-ம் வருஷம் பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்ட ஒரு யுத்த விளையாட்டு. ஆடுகிறவன் ஒரு தேசத்தைத் தேர்ந்துகொள்கிறான். அத்தேசத்தின் சண்டை விமானங்களும் டாங்கிகளும் வம்ச விருக்ஷம்போல் வரிசையாக வரையப்பட்டிருக்கின்றன. பழைய விசிறி விமானத்தில் தொடங்கி, அதில் ஆடிச் சம்பாதிக்கும் புள்ளிகளைக் கொண்டு அடுத்த விமானத்தைப் பெற்று, படிப்படியாக ஜெட் விமானத்துக்கும் ஏவுகணைக்கும் ஏற வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் பலத்தை அளந்து ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரே எண்ணுள்ள விமானங்களே ஒன்றோடொன்று மோத விடப்படுகின்றன. உலகெங்கும் லக்ஷக்கணக்கான வாலிபர்கள் இதை ஆடுகிறார்கள். நமது நாட்டு வாலிபர்களும் ஆடுகிறார்கள். சரித்திர புஸ்தகத்தைத் தொடாத பலர், ஸேபர் விமானம் எது, நாட் விமானம் எது என்பதை இவ்விளையாட்டின் வாயிலாகவே தெரிந்துகொள்கிறார்கள். ஆதலால் இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

இவ்விளையாட்டில் அமெரிக்கா, ஜெர்மனி, ருஷ்யா, பிரிட்டன், ஜப்பான், சீனா, இத்தாலி, பிரான்ஸ், ஸ்வீடன், இஸ்ரேல் ஆகிய தேசங்களுக்குத் தனி மரங்கள் உண்டு. மற்ற நாடுகளைப் பெரிய மரங்களில் கிளைகளாக ஒட்ட வைக்கிறார்கள். பின்லாந்து ஸ்வீடனின் கிளை. ஹங்கேரி இத்தாலியின் கிளை. தென் ஆப்பிரிக்கா பிரிட்டனின் கிளை. இந்த முறைப்படி பாகிஸ்தானை எங்கே ஒட்டுவது? ஆதியில் பிரிட்டிஷ் விமானங்களை வைத்திருந்ததால் பிரிட்டனில் ஒட்டலாம் என்பார் சிலர். இப்போது சீனத்தோடு சேர்ந்து விமானம் செய்வதால் சீனாவில் ஒட்டலாம் என்பார் வேறு சிலர். இரண்டும் பாதி உண்மை. பிரிட்டனில் ஒட்டினால் 1954-க்குப் பிற்பட்ட சரித்திரம் அறுந்துபோகும். சீனாவில் ஒட்டினால் 1965-க்கு முற்பட்டது அறுந்துபோகும். நடுவே அமெரிக்கா கொடுத்ததும், பிறகு கொடுக்க மறுத்ததும் எந்தக் கிளையிலும் அடங்கா. தனி வரிசை வேண்டுமென்று நாம் கூறுவதற்கு இதுவே முதற் காரணம்.

இனி, நாம் ஏன் இதில் தலையிட வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். எதிர்க்கட்சிக்காரனின் தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பாராமல் வழக்காடும் வக்கீல் தன் கட்சிக்காரனுக்குத் துரோகம் செய்கிறான். நமது வாலிபன் ஒருவன் நாட் விமானத்தில் ஏறி விளையாட்டு வானத்தில் பறக்கும்போது, எதிரே வருவது அமெரிக்கக் கொடி தாங்கிய ஸேபராக இருந்தால் அவன் எதைக் கற்றுக்கொள்வான்? நாட்டும் ஸேபரும் மோதிய இடங்கள் சம்பும் போய்ராவும் ஸ்ரீநகருமே அல்லவா? 1971-ம் வருஷம் டிஸம்பர் 14-ந் தேதி ஸ்ரீநகர் விமான தளத்தைத் தாக்கிய ஸேபர்களைத் தனியாக எதிர்த்து உயிர் துறந்து, நமது ஆகாயப் படையிலேயே பரமவீர சக்கரம் பெற்ற ஒரே வீரராக விளங்கும் நிர்மல் ஜித் ஸிங் ஸேகோன் எதிர்த்தது எதை என்பதைக் காட்டாமல் அவருடைய வீரத்தை எப்படிக் காட்டுவது? எதிரியைச் சிறுத்துக் காட்டினால் அவனை எதிர்த்தவனும் சிறுத்துப் போகிறான்.

நிற்க. வரிசையை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். முதற் படியில் நிற்க வேண்டியது டெம்பெஸ்ட். 1947 ஆகஸ்டில் தேசம் துண்டானபோது, கூட்டுக் குடும்பத்தின் பாத்திரம் பண்டங்களைப்போல ராயல் இந்திய ஆகாயப் படையும் பாகம் பிரிக்கப்பட்டது. 5-ம், 9-ம் எண்ணுள்ள இரண்டு டெம்பெஸ்ட் ஸ்குவாட்ரன்களும் 6-ம் எண்ணுள்ள டகோட்டா ஸ்குவாட்ரனும் பாகிஸ்தானுக்குப் போயின. பெரும் பகுதி இந்தியாவில் தங்கியது. நேற்றுவரை ஒரே மேஜையில் உணவருந்திய விமானிகள், அடுத்த வருஷமே காஷ்மீர் மலைகளின்மேல் எதிரெதிராக நின்றார்கள். 1948 நவம்பரில், வடக்கு மலைப் பிரதேசத்திலிருந்த துருப்புகளுக்கு உணவும் தளவாடமும் போட்டுத் திரும்பிய பாகிஸ்தான் டகோட்டா ஒன்றை இந்திய டெம்பெஸ்ட்கள் வழிமறித்தன. முக்தார் தோகர் என்ற விமானி இறங்க மறுத்து, பள்ளத்தாக்குகளுக்குள் தாழப் பறந்து தப்பினார். ஆயுதமற்ற அந்த டகோட்டாவை விளையாட்டில் ஓட்ட யாரும் ஆசைப்படமாட்டார்கள். ஆயினும் டெம்பெஸ்ட் இரு தரப்புக்கும் பொதுச் சொத்தாக இருந்தது என்பதை விளையாட்டு மறைக்கலாகாது. இந்தியாவுக்கென்று ஒரு மரம் எப்போதாவது அமைக்கப்படுமாயின், அதன் வேரிலும் இதே டெம்பெஸ்ட் நிற்கும். ஒரே வேரிலிருந்து இரண்டு மரங்கள் கிளம்புவதை வாலிபர்கள் கண்ணால் காணட்டும்.

டெம்பெஸ்டுக்கு அடுத்தது ஹாக்கர் பியூரி. இரண்டுக்கும் செண்டாரஸ் என்ற ஒரே வம்சத்து எஞ்சின். இரண்டிலும் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு. ஆகையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறுவது விளையாட்டுக்கும் பொருந்தும், சரித்திரத்துக்கும் பொருந்தும். ஏறக்குறைய 90 பியூரிகளைப் பாகிஸ்தான் வாங்கியது. குண்டு வீசும் விமானத்தின் ஸ்தானத்தில் ஹாலிபாக்ஸை வைக்கலாம். அது பழைய யுத்தத்தின் மிச்சம். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

1951-ல் ஜெட் யுகம் வந்தது. வந்த விமானம் ஸூப்பர்மரீன் அட்டாக்கர். ஜெட் யுகத்திலும் வாலடியில் சக்கரம் வைத்து நின்ற அந்த விமானம் 36 மட்டுமே வாங்கப்பட்டன. பிரிட்டிஷார் தங்கள் ஆகாயப் படைக்கு வேண்டாமென்று ஒதுக்கிய ஒன்றைப் புதிய தேசத்துக்கு விற்றார்கள். வேறு வழியின்றி வாங்கினவனும் மகிழ்ச்சியோடேயே வாங்கினான். அட்டாக்கரை ஒரு படியாக வைத்தால் ஆடுகிறவர்கள் அதைச் சபித்துக்கொண்டே கடப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். சபிக்கட்டும். 11-ம் ஸ்குவாட்ரனின் விமானிகளும் அதைப் புகழ்ந்திருக்கமாட்டார்கள்.

1954 மே மாதத்தில் அமெரிக்காவோடு பரஸ்பர ராணுவ உதவி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்பின் பாகிஸ்தான் ஆகாயப் படையின் முகமே மாறிற்று. ஸேபர் 120 வந்தன. கற்பிக்கும் விமானமான டி-33 வந்தது. குண்டு வீசும் பி-57 வந்தது. 1961-ல், ஒலியைப்போல் இருமடங்கு வேகமுள்ள எப்-104 ஸ்டார்பைட்டர் ஒரு டஜன் வந்தன. 1958 பிப்ரவரி 2-ந் தேதி கராச்சி வானத்தில் 16 ஸேபர்கள் ஒரே கூட்டமாக வட்டமடித்துக் காட்டியபோது, அந்தக் கணக்கு உலகத்துக்கே புதிதாயிருந்தது. 1959 ஏப்ரல் 10-ந் தேதி, ராவல்பிண்டிக்குமேல் படம் எடுக்கச் சென்ற நமது கான்பெரா விமானத்தை ஒரு ஸேபர் வீழ்த்தியது. பாகிஸ்தான் ஆகாயப் படை வீழ்த்திய முதல் விமானம் அதுவே.

வரிசையின் இருதயம் ஸேபர் என்பதால் அதைப் பற்றி விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் ஆயுதம் ஆறு யந்திரத் துப்பாக்கிகள். ஸைட்வைண்டர் என்ற ஏவுகணையும் உண்டு. ஆனால் 1965-ல் எல்லா ஸேபர்களும் அதைத் தாங்கவில்லை, ஒரு சிறு பகுதியே தாங்கியது. விளையாட்டில் ஒவ்வொரு ஸேபருக்கும் ஏவுகணையைத் தாராளமாகக் கட்டித் தொங்கவிட்டால் அது சரித்திரத்துக்குச் செய்யும் அநியாயம். ஆகவே ஸேபரை இரண்டாக வைக்க வேண்டும் என்பது நமது யோசனை: துப்பாக்கி மாத்திரம் உள்ளது ஒன்று, ஏவுகணை தாங்கியது மற்றொன்று. இரண்டாவதற்கு உயர்ந்த எண் கொடுக்கட்டும். ஸ்டார்பைட்டருக்கும் இதே நியாயம். மற்றவர்கள் பீரங்கியைக் கழற்றிவிட்டு ஏவுகணையையே நம்பிய காலத்தில், பாகிஸ்தானியர் தங்கள் ஸ்டார்பைட்டரில் பீரங்கி வேண்டுமென்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பீரங்கி இல்லாத எப்-104 பாகிஸ்தானுடையது ஆகாது.

இங்கேதான் சாட்சியத்தின் சிக்கல் தொடங்குகிறது. 1965 ஸெப்டம்பர் 7-ந் தேதி ஸர்கோதாவின்மேல் எம். எம். ஆலம் என்ற விமானி ஒரே பறப்பில் ஐந்து ஹண்டர்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் சொல்கிறது. இந்தியத் தரப்பு அந்தத் தொகையை ஒப்புக்கொள்ளவில்லை. அதே தேதியில் அதே ஸர்கோதாவைத் தாக்கச் சென்ற கூர்க் வீரர் தேவய்யா, வயதான மிஸ்டேர் விமானத்தைக் கொண்டு ஒரு ஸ்டார்பைட்டரை வீழ்த்திவிட்டுத் திரும்பவேயில்லை. வேகத்தில் பாதியளவான விமானம் இருமடங்கு வேகமுள்ளதை வீழ்த்திற்று என்பது பல வருஷங்கள் இந்தியாவுக்கே தெரியாதிருந்தது. 1979-ல் பாகிஸ்தான் பக்கத்துச் செய்திகளைக் கொண்டு அன்னியர் ஒருவர் எழுதிய புஸ்தகத்தால் வெளிப்பட்டது. 1988-ல், அதாவது 23 வருஷங்களுக்குப் பிறகு, அவருக்கு மகாவீர சக்கரம் அளித்தார்கள். எதிரியின் ஏட்டில் நமது வீரனின் புகழ் பத்திரமாகக் கிடந்தது! நமது ஏடுகளிலும் அவர்களுடைய புகழ் எதாவது கிடக்கக்கூடும் என்று எண்ணுவதில் குற்றமென்ன?

ஆகவே விளையாட்டை அமைப்பவர்களுக்கு நாம் சொல்வது இது. விமானத்தின் பலத்தை எடை, எஞ்சின், இறக்கை, ஆயுதம் இவற்றைக் கொண்டே அளக்க வேண்டும். வீழ்த்தினோம் என்று ஒரு தரப்பு முழங்கும் தொகையைக் கொண்டு அளக்கலாகாது. பக்கத்தில் அச்சிடும் குறிப்பில் இரு தரப்பு வாக்குமூலங்களையும் எழுதி, இன்னது இன்னார் சொல்வது என்று காட்டினால் போதும். தீர்ப்பு எழுதும் அதிகாரம் விளையாட்டுக் கம்பெனிக்கு யாரும் கொடுக்கவில்லை.

1965 யுத்தத்தின் நடுவே அமெரிக்கா இரு தேசங்களுக்கும் ஆயுத சப்ளையை நிறுத்தியது. இந்தியாவுக்கு அதனால் நேர்ந்த நஷ்டம் குறைவு. நமது விமானங்கள் பிரிட்டனிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் வந்தவை. பாகிஸ்தானுக்கோ, சாப்பிடும் கை பாதி வழியில் பிடிக்கப்பட்டது. உதிரிச் சாமான் இல்லை; டயர் இல்லை. ஒரே கடையில் கணக்கு வைத்திருந்தவன் கதி அதுதான். விளையாட்டின் மரத்தில் ஒரு விமானத்திலிருந்து அடுத்ததற்குக் கோடு போட்டிருப்பார்கள். முந்தியதிலிருந்து பிந்தியது தானாகப் பிறந்ததுபோல் தோன்றும். பாகிஸ்தான் வரிசையில் அந்தக் கோடு பொய். ஸேபரிலிருந்து எப்-6 பிறக்கவில்லை. வாஷிங்டனில் கதவு சாத்தப்பட்டது, பீகிங்கில் திறந்தது. ருஷ்ய மிக்-19-ஐச் சீனர் தங்கள் தொழிற்சாலையில் செய்ததே எப்-6.

அந்த எப்-6-தான் தனி வரிசைக்கு நமது பலமான சாட்சி. பாகிஸ்தானின் விமானங்களெல்லாம் பிறருடைய நகல், புதிதாக என்ன இருக்கிறது என்று ஆட்சேபிக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ருஷ்யர் வரைந்து, சீனர் செய்த விமானம்; மூக்கிலும் இறக்கையடியிலும் 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் மூன்று; அதில் பாகிஸ்தானியர் அமெரிக்க ஸைட்வைண்டரை மாட்டினார்கள், விமானி தப்பிக்குதிக்கும் பிரிட்டிஷ் ஆசனத்தையும் பொருத்தினார்கள். வியட்நாமில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த முகாம்களின் தளவாடங்கள் ஒரே விமானத்தில் குடித்தனம் நடத்தின. சீன மரத்திலும் இது கிடையாது, ருஷ்ய மரத்திலும் கிடையாது, அமெரிக்க மரத்திலும் கிடையாது.

அதே காலத்தில் நடந்த மற்றொரு வியாபாரம் துப்பறியும் நாவலில் வரத்தக்கது. கனடாவில் செய்து மேற்கு ஜெர்மனி உபயோகித்த 90 ஸேபர்கள் ஈரானுக்கென்று விற்கப்பட்டன. அவை பறந்து வந்து சேர்ந்த இடம் பாகிஸ்தான். தடை உத்தரவு இருந்தது, விமானங்களும் வந்தன. சட்டம் படித்தவர்கள் இதைக் கண்டு ஆச்சரியப்படமாட்டார்கள். இந்தக் கனடா ஸேபரின் எஞ்சின் அமெரிக்க ஸேபரின் எஞ்சினைவிடப் பலமுள்ளது. ஆகையால் இது வரிசையில் மேற்படியில் நிற்க வேண்டும். பிரான்ஸ் மிராஜ்-3 விமானம் 24 கொடுத்தது. காசு கொடுப்பவனுக்குக் கொடுப்போம் என்பது பிரஞ்சுக்காரர் கொள்கை. அதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை.

பாகிஸ்தானியருடைய கடன் பத்திரத்தை வாசித்துவிட்டு நாம் மீசையை முறுக்கிக்கொள்ளவும் இடமில்லை. பெங்களூரில் செய்த மாருத் விமானம் 1961-ல் பறந்தது. அதற்குத் தகுந்த எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. இன்றைய தேஜஸின் எஞ்சினும் அமெரிக்காவிலிருந்தே வருகிறது. நமது மரத்தை வரைந்தாலும் அதில் பல கோடுகள் லண்டன், பாரிஸ், மாஸ்கோ வழியாகவே போகும். நமக்கிருந்த அதிர்ஷ்டம் கடைகள் பலவாக இருந்தது.

இனி 1971-க்கு வருகிறோம். வரிசை அமைப்பவர்கள் பெரும்பாலும் தயங்கித் தாண்டிச் செல்லும் இடம் இது. கிழக்கு வங்கத்தின் காவலுக்கு டாக்காவில் ஸேபர்களின் ஒரே ஒரு ஸ்குவாட்ரன், 14-ம் எண்ணுள்ளது, இருந்தது. 1965-ல் இதே ஸ்குவாட்ரன் நமது கலைகுண்டா தளத்தைத் தாக்கிப் பெயர் பெற்றது. 1971 மார்ச்சில், சிட்டகாங் அருகே காலூர்காட்டிலிருந்து வங்கத்தின் சுதந்தரத்தை ஒலிபரப்பிய வானொலி நிலையத்தைப் பாகிஸ்தான் ஸேபர்கள் குண்டு போட்டு அழித்தன. தன் தேசத்து ஜனங்களின் குரலை நிறுத்துவதற்காக அந்த விமானம் அன்று பறந்தது. நவம்பர் 22-ல் போய்ராவின்மேல் நான்கு நாட்கள் ஸேபர்களை எதிர்த்தன. விழுந்த ஸேபர்களிலிருந்து குதித்த இருவர் சிறைப்பட்டனர். அவர்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, 1997-ல் பாகிஸ்தான் ஆகாயப் படைக்கே தலைவரானார். டிஸம்பர் யுத்தம் தொடங்கிய சில தினங்களில் டாக்காவின் ஓடுபாதையை நமது மிக்-21-கள் குழிகளாக்கிவிட்டன. அதற்குப்பின் அந்த ஸேபர்கள் எழும்பவேயில்லை. விளையாட்டில் ஸேபரின் குறிப்பில் ஸர்கோதாவை எழுதுகிறவர்கள் காலூர்காட்டையும் எழுத வேண்டும்.

வங்காளிகள் அந்தப் படையின் எதிரிகளாக மாத்திரம் இருக்கவில்லை; அதன் அங்கமாகவும் இருந்தார்கள். 1965-ல் ஸேபரில் பறந்து நமது நாட் ஒன்றை வீழ்த்திய ஸைபுல் ஆஸம் ஒரு வங்காளி. 1967-ல் அவர் ஜோர்டானுக்காகவும் இராக்குக்காகவும் ஹண்டர் விமானத்தில் ஏறி இஸ்ரேலிய விமானங்களை வீழ்த்தினார். பிற்பாடு வங்கதேசத்தின் ஆகாயப் படையில் சேர்ந்தார். 1971 ஸெப்டம்பரில் நாகர்கள் வாழும் மலைநாட்டின் திமாபூரில், ஒரு டகோட்டாவும் ஒரு ஆட்டர் விமானமும் ஒரு ஹெலிகாப்டருமாக வங்கதேச ஆகாயப் படை பிறந்தபோது, அதில் ஏறியவர்களில் பாகிஸ்தான் ஆகாயப் படையை விட்டு வந்தவர்கள் இருந்தார்கள். இவர்களை எந்த வரிசையில் சேர்ப்பது? நமது அபிப்பிராயத்தில், 1971 வரையுள்ள படிகள் இரு தேசங்களுக்கும் பொது. ஸேபரின்மேல் தீட்டும் சின்னங்களில் 14-ம் ஸ்குவாட்ரனின் சின்னமும் கிடைக்க வேண்டும்.

அதற்குப் பிற்பட்ட படிகளை விரைவாகவே கடக்கலாம். சீனத்து ஏ-5 தரையைத் தாக்கும் விமானம், எப்-7பி என்ற சண்டை விமானம், மிராஜ்-5 இவை இடையே நிற்கும். 1983 ஜனவரியில் எப்-16 வந்தது, மொத்தம் 40. ஆப்கானிஸ்தானத்தில் ருஷ்யர் புகுந்ததே அதற்குக் காரணம். அமெரிக்கருக்கு அப்போது பாகிஸ்தான் மறுபடியும் இனித்தது. எல்லை தாண்டிய ஆப்கன், ருஷ்ய விமானங்களை 1986 முதல் 1988 வரை அந்த எப்-16-கள் வீழ்த்தின. 1988 ஆகஸ்டில் வீழ்ந்த எஸ்யு-25 ஒன்றிலிருந்து குதித்துப் பிடிபட்ட ருஷ்யர், பின்னால் ருஷ்யாவின் உப ஜனாதிபதியான ருத்ஸ்கோய். ருஷ்யர் திரும்பிப் போனார்கள். அமெரிக்கரின் பிரியமும் திரும்பிப் போயிற்று. 1990-ல் அணு ஆயுதத்தைக் காரணங்காட்டி, பிரெஸ்லர் திருத்தம் என்ற சட்டத்தின்படி மீண்டும் கதவு சாத்தப்பட்டது. பாகிஸ்தான் பணங்கட்டிய 28 எப்-16-கள் அரிஸோனா பாலைவனத்தில் வெயிலில் நின்றன. பணமும் வரவில்லை, சரக்கும் வரவில்லை. 1998-ல் ஏற்பட்ட சமரசத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகவும் மற்றதைக் கோதுமை முதலிய பண்டங்களாகவும் கொடுத்தார்கள். சண்டை விமானத்துக்கு முன்பணம் கட்டியவனுக்குக் கோதுமை கொடுத்த வியாபாரம் வேறெங்கும் நடந்ததாக நாம் படித்ததில்லை.

அந்தக் கோதுமையிலிருந்துதான் வரிசையின் கடைசிப் பகுதி முளைத்தது என்றுகூடச் சொல்லலாம். காம்ராவிலுள்ள தொழிற்சாலையில், ஆஸ்திரேலியர் கழித்த 50 மிராஜ்களை வாங்கிப் பிரித்து, அவற்றில் பலவற்றில் இத்தாலிய ரேடாரைப் பொருத்திப் பறக்க விட்டார்கள். லெபனானும் லிபியாவும் ஒதுக்கிய மிராஜ்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. பிறர் காயலான் கடைக்குப் போட்டதை அரை நூற்றாண்டு பறக்கவைத்தது சாமான்யமான கைத்திறன் அல்ல. நமது பகைமை அதைக் காணவொட்டாமல் கண்ணை மறைக்க வேண்டியதில்லை. இந்த மிராஜும் எந்த மரத்திலும் இல்லாதது. அப்பால், சீனத்தோடு கூட்டாகச் செய்த ஜேஎப்-17, முதன் மாதிரி 2003-ல் பறந்து, 2010-ல் ஸ்குவாட்ரனாயிற்று. அதன் எஞ்சின் ருஷ்யாவினுடையது. நமது மிக் விமானங்களுக்கு எஞ்சின் கொடுத்த அதே ருஷ்யா! மாஸ்கோவுக்கும் பெரிய கடை உண்டு என்பதை நமது தலைவர்கள் அப்போது தெரிந்துகொண்டார்கள்.

உச்சியில் நிற்பவை, 2010 முதல் வந்த புதிய எப்-16-களும் 2022-ல் சேர்ந்த சீனத்து ஜே-10ஸி-யும். இவற்றில்தான் விளையாட்டுக்காரர்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 27-ல் நமது மிக்-21 ஒன்று வீழ்ந்தது. சென்னையில் வசிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த அபிநந்தன் வர்த்தமான் பிடிபட்டு, இரண்டு தினங்களில் திரும்பினார். அவர் ஒரு எப்-16-ஐ வீழ்த்தினார் என்று இந்தியா சொல்கிறது. எப்-16 ஒன்றும் குறையவில்லை என்று பாகிஸ்தான் சொல்கிறது. 2025 மே மாதத்துச் சண்டையில் ரபேல் உட்பட இந்திய விமானங்கள் பலவற்றை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் அறிவித்தது. நஷ்டம் உண்டென்று ஒப்புக்கொண்ட நமது சேனாதிபதிகள் தொகையைச் சொல்லவில்லை. அந்த ஆகஸ்டில் நமது ஆகாயப் படைத் தலைவர் பாகிஸ்தானின் ஐந்து சண்டை விமானங்களையும் ஒரு பெரிய விமானத்தையும் வீழ்த்தியதாகச் சொன்னார், பாகிஸ்தான் மறுத்தது. தேவய்யாவின் உண்மைக்கு இருபது வருஷங்களுக்குமேல் பிடித்தது. இதற்கும் பிடிக்கலாம். ஜே-10-க்கும் அதன் நீண்டதூர ஏவுகணைக்கும் எண் கொடுக்கும்போது பத்திரிகைத் தலைப்புகளைப் பார்த்துக் கொடுத்தால், ஒரு தேசத்து வாலிபர்கள் ஆடுவதை நிறுத்துவார்கள். மற்றத் தேசத்து வாலிபர்கள் வெற்றியென்று நினைத்து ஏமாறுவார்கள். அவ்வேவுகணையின் தன்மை நம்பத்தகுந்த ஏடுகளில் வெளியாகும்வரை அந்தப் படியைக் காலியாக வைத்திருப்பதில் விளையாட்டுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஒரு விமானத்தை வேண்டுமென்றே பின்னால் வைத்திருக்கிறோம். கற்பிக்கும் விமானமான டி-33, சண்டைக்கு உதவாது என்று வரிசையிலிருந்து தள்ளப்படக்கூடியது. 1971 ஆகஸ்ட் 20-ந் தேதி கராச்சியில் ரஷீத் மின்ஹாஸ் என்ற இளம் விமானி டி-33 ஒன்றில் ஓடுபாதைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆசிரியராயிருந்த வங்காளி அதிகாரி மதியுர் ரஹ்மான் பின்னாசனத்தில் ஏறி, விமானத்தை இந்தியாவை நோக்கித் திருப்பினார். தன் மக்களின் விடுதலைப் போரில் சேர்வது அவர் நோக்கம். இருவரும் விமானத்துக்குள்ளேயே போராடினர். எல்லையை அடையுமுன் விமானம் தரையில் மோதி இருவரும் மாண்டனர். மின்ஹாஸுக்குப் பாகிஸ்தான் நிஷானே ஹைதர் என்ற தன் மிக உயர்ந்த வீர விருதை அளித்தது. ரஹ்மானுக்கு வங்கதேசம் பீர் சிரேஷ்டர் என்ற தன் மிக உயர்ந்த விருதை அளித்தது. கராச்சியில் புதைக்கப்பட்டிருந்த அவருடைய எலும்புகள் 2006-ல் டாக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டன. ஆயுதம் அற்பமாயினும் அந்த டி-33-ஐ ஸேபருக்கு முந்திய படியில் வைக்க வேண்டும்; அதன் குறிப்பில் இரண்டு பெயர்களையும் ஒரே அளவுள்ள எழுத்தில் அச்சிட வேண்டும்.